மோட்டார் சைக்கிளின் செயின், ஸ்பிராக்கெட் மாற்றம்

மோட்டார் சைக்கிளில் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பவை முன் ஸ்பிராக்கெட், செயின், பின் ஸ்பிராக்கெட் ஆகிய மூன்றும். பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் கட்டைகளையும் இவற்றோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இன்றைய உருளைச் செயினின் மூலவடிவத்துக்கு ஹான்ஸ் ரெனால்டு 1880இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் கோயம்புத்தூரின் எல்.ஜி.பி. நிறுவனம் ‘ரோலான்’ என்ற பெயரில் இத்தகைய செயின்களைத் தயாரிக்கிறது.

செயினின் எண்ணிலேயே அதன் அளவு அடங்கியிருக்கிறது. முதல் இலக்கம் ஆணிக்கு ஆணி உள்ள தூரத்தை எட்டில் ஒரு அங்குலக் கணக்கில் சொல்லும். 428 எனில் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ.; 520 எனில் 15.875 மி.மீ. இந்த எண்ணும் மொத்தக் கண்ணிகளின் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்துப்போகாத செயினை வாங்குவது வீண்.

ஓட ஓடச் செயின் நீள்வதற்குக் காரணம் எஃகு இழுபடுவதல்ல. ஆணியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் உராய்ந்து தேய, ஒவ்வொரு கண்ணியிலும் சேரும் நுண்ணிய இடைவெளி மொத்தத்தில் நீளமாகிறது. புதிய 428 செயினை இழுத்துப் பிடித்து ஆணிக்கு ஆணி 20 இடைவெளிகளை அளந்தால் 254 மி.மீ. இருக்கும். அது 259 மி.மீ. ஆகிவிட்டால் தேய்மானம் 2 சதவீதம். செயினை மாற்றியே ஆக வேண்டும். கண்ணிகளில் ரப்பர் வளையம் கொண்ட ஓ-ரிங் செயினுக்கு எல்லை இதைவிடக் குறைவு. நீண்ட செயின் பற்களின் நுனியில் ஏறி, அவற்றைக் கொக்கிபோல வளைத்துத் தேய்க்கும். அந்தப் பற்களில் புதுச் செயினை மாட்டினால் அதுவும் விரைவில் கெடும் என்பதால், மூன்றையும் ஒரே செட்டாக மாற்றுவதே சரி. முன் ஸ்பிராக்கெட்டில் பற்கள் குறைவு. ஒவ்வொரு பல்லும் அடிக்கடி செயினைச் சந்திப்பதால் அதுதான் முதலில் தேயும். கவருக்குள் இருப்பதால் அதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

வேலையைப் பழைய செயின் மாட்டியிருக்கும்போதே தொடங்க வேண்டும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திக்கொள்ள, முன் ஸ்பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தலாம். செயினைக் கழற்றிய பிறகு ஸ்பிராக்கெட் கூடவே சுற்றுவதால் போல்ட் அசையாது. நட்டுக்கு மடிப்பு வாஷர் இருந்தால் முதலில் மடிப்பை நிமிர்த்த வேண்டும். பின்னர் செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கைக் கழற்றிச் சக்கரத்தை எடுக்கலாம்.

சக்கரம் கையில் இருக்கும்போது ஹப் ரப்பர்களைக் கவனிக்காமல் விடுவது பெரிய இழப்பு. ஆக்ஸிலரேட்டரைத் திருகும்போதும் விடும்போதும் வரும் குலுக்கலை வாங்கிக்கொள்வது இவைதான். பின் ஸ்பிராக்கெட்டைக் கழற்றுமுன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்பிராக்கெட்டை முன்னும் பின்னும் அசைக்கையில் தாராளமாக ஆடினால், ரப்பர் நசுங்கிவிட்டது என்று பொருள். புது ரப்பர் இறுக்கமாக இருந்தால் சோப்பு நீர் தடவி நுழைக்கலாம். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

புது ஸ்பிராக்கெட்டுகளையும் சக்கரத்தையும் பொருத்தியபின் மாட்டும் புதுச் செயினில் கிளிப் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது மோதிக் கழன்றுவிடக்கூடும். ரிவெட் அடிக்கும் வகைச் செயினுக்குத் தனிக் கருவி தேவை. அது இல்லாதவர்கள் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் முடித்துக்கொள்வது பாதுகாப்பானது.

கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் இருக்க வேண்டிய தளர்வு வண்டியின் கையேட்டில் இருக்கும். பல சிறு வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை. சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் அளக்க வேண்டும். ஆள் ஏறி உட்கார்ந்தால் ஸ்விங் ஆர்ம் மேலெழுந்து செயின் இன்னும் இறுகும். தளர்வே இல்லாத செயின் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கைக் கெடுத்துவிடும். அட்ஜஸ்டர் குறிகள் இருபுறமும் ஒரே கோட்டில் இருக்க, ஆக்ஸில் நட்டைக் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கியபின் மீண்டும் ஒருமுறை தளர்வை அளப்பது அவசியம், ஏனெனில் முறுக்கும்போது சக்கரம் நகரும்.

டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தின் இடம் மாறினால் பிரேக் மிதியின் தளர்வும் மாறும். அதைச் சரிசெய்து, பழைய ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் புதியதைப் போட வேண்டும். செயினைத் துடைப்பதும் எண்ணெய் விடுவதும் எஞ்சினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான். கியரில் ஓடும் சக்கரத்தருகே துணியோடு போன விரல்கள் ஸ்பிராக்கெட்டில் சிக்கித் துண்டாகும். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் சற்றுத் தளரும் என்பதால் அதற்குள் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.