ஒத்தி வீடு

மாத வாடகைக்குப் பதிலாக ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, கெடு முடியும்வரை வாடகையின்றிக் குடியிருக்கும் ஏற்பாடு ஒத்தி எனப்படும். கெடு முடிந்ததும் தொகை அப்படியே திரும்பும், வீடும் திரும்பும். பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை. சென்னையில் இதை லீஸ் அல்லது போக்கியம் என்பர். மதுரை, விருதுநகர்ப் பக்கம் ஒத்தி என்றால்தான் விளங்கும். ‘ஒற்றி’ என்ற பழஞ்சொல்லின் பேச்சு வடிவம் இது. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை 1707-இல் டச்சுக்காரர் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலும் ஒற்றி உண்டு. அங்கே பெரும்பாலும் காணியை ஒட்டியது.

இம்முறை வேரூன்றிய ஊர்களில் ஒன்று விருதுநகர் மாவட்டத்துத் திருத்தங்கல். சிலப்பதிகாரத்தில் தங்கால் என்று வரும் பழைய ஊர் இது. குன்றின்மேல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்று. தனி நகராட்சியாக இருந்த இவ்வூர், 2021-இல் சிவகாசியோடு இணைந்து மாநகராட்சியின் பகுதியானது. பழைய தெருக்களின் ஓட்டு வீடுகள், ஒரே முற்றத்தைச் சுற்றிய காம்பவுண்டு வீடுகள், பிற்காலத்து மாடிக் கட்டடங்கள் எல்லாமே ஒத்திக்கு வருகின்றன. தண்ணீர் குறைந்த மாவட்டம் என்பதால், வீடு பார்க்க வருபவர் அறைகளை எண்ணுவதற்கு முன் நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும் என்றுதான் கேட்பார்.

ஒத்தி இங்கே செழித்ததற்கு ஊரின் தொழிலும் ஒரு காரணம். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ், அச்சாபீஸ் என்று வட்டாரத்தில் தொழிற்சாலைகள் எல்லாமே ‘ஆபீஸ்’தான். அவற்றில் கூலி வாரக் கணக்கு. மழைக்காலத்திலும் தீபாவளியை ஒட்டிய நாட்களிலும் பட்டாசு வேலை தடைப்படும். வாடகையோ மாதம் தவறாமல் நிற்கும். நகையை வைத்தோ, சீட்டு எடுத்தோ, தீபாவளி போனஸைச் சேர்த்தோ ஒருமுறை தொகை புரட்டிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. வீட்டுக்காரருக்கும் மகள் கல்யாணம், மாடி கட்டுதல், தொழில் முதல் என்று ஏதாவதொரு மொத்தச் செலவு காத்திருக்கும். ஐந்து லட்ச ரூபாய் ஒத்தி என்பது, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக் கணக்கில், மாதம் 5,000 ரூபாய் வாடகைக்குச் சமம். முழுத்தொகை புரளாதவர்கள் பாதி ஒத்தி, பாதி வாடகை என்றும் பேசிக்கொள்வதுண்டு.

பேச்சு வழக்கில் ஒத்திக்காரரும் குடித்தனக்காரர்தான். சட்டத்தின் கண்ணிலோ அவர் கடன் கொடுத்தவர், வீட்டுக்காரர் கடனாளி. 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் இதை அனுபவ அடமானம் என்ற வகையில் வைக்கிறது; தொகை நூறு ரூபாயோ அதற்கு மேலோ ஆனால் பத்திரம் பதிவாக வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் மாத வாடகை உறவை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கலாகாது என்னும் அதன் வரம்பு, மொத்தப் பணத்தால் நிற்கும் ஒத்திக்குப் பொருந்தி வராது.

வழக்கத்தில் பல ஒத்திகள் பதிவு அலுவலகத்தை எட்டுவதே இல்லை. பத்திரத்தாளில் எழுதி இரண்டு சாட்சி கையெழுத்துப் போட்டதோடு சரி. கட்டணம் மிச்சம்தான், ஆனால் ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. பதிவாகாத ஒத்தி வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. அதே வீட்டின் பேரில் வேறிடத்தில் கடன் வாங்க வீட்டுக்காரருக்கு வழி திறந்திருக்கும். ஏற்கெனவே வங்கியில் பத்திரம் இருந்தால் வங்கிக்கே முன்னுரிமை. ஆகவே பணம் கைமாறுமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதும் மூலப்பத்திரத்தைக் கண்ணால் காண்பதும் அவசியம்.

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் வாங்கிய தொகையைச் செலவழித்துவிடுவார்கள். அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கித்தான் பழையவருக்குக் கொடுக்க முடியும். புது ஆள் அமையாத வரையில் பழையவர் நகர்வதில்லை. இது அவருடைய பிடிவாதம் மட்டுமல்ல: அனுபவ அடமானம் பிடித்தவர் என்ற முறையில் மட்டும் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவர வழக்குப் போடும் உரிமை அவருக்குச் சட்டத்தில் இல்லை, வீடு தன் கையில் இருப்பதுதான் அவருக்குள்ள பிடி. எதிர்ப்புறத்திலும் ஒரு காப்பு உண்டு. எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் ஒத்தி கிரயம் ஆகிவிடாது. அடமானம் வைத்த நாளிலிருந்து முப்பது ஆண்டு கடந்துவிட்டதாலேயே அனுபவ அடமானத்தை மீட்கும் உரிமை போய்விடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

தென்கொரியாவின் ‘ஜொன்சே’ ஒத்தியின் தூரத்து உறவு. வீட்டு மதிப்பில் பாதிக்கு மேலும் தொகை கொடுத்து, பொதுவாக இரண்டு ஆண்டு வாடகையின்றிக் குடியிருப்பது. வீட்டு விலை சரியும்போது அங்கேயும் முன்தொகை திரும்பாமல் குடியிருந்தோர் தவித்ததுண்டு.

திருத்தங்கல் பக்கத்து ஒப்பந்தங்களுக்கென்றே ஒரு நிபந்தனையும் உண்டு: வீட்டில் வெடிமருந்து வைக்கக் கூடாது, பட்டாசு வேலை செய்யக் கூடாது. எழுதாவிட்டாலும் 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி உரிமமின்றி அதைச் செய்வது குற்றமே. வீடு விற்றுப் போனால், பதிவான ஒத்தி வீட்டோடு போகும். வாங்குபவர் விலையில் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு, பின்னர் ஒத்திக்காரரிடம் கொடுத்துச் சாவியை வாங்குவார்.