திண்ணைப் பள்ளி முதல் தேர்ச்சி அறிக்கை வரை: வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலான மொழித்தொடர்பு

1. முன்னுரை

இந்தியக் கல்வி வரலாற்றை எழுதியோர் பாடத்திட்டம், பயிற்றுமொழி, அரசின் கொள்கை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆசிரியரும் மாணவரின் குடும்பத்தாரும் ஒருவரோடொருவர் எவ்வாறு பேசினர், எத்தகைய சொற்களால் அழைத்துக்கொண்டனர், எப்போது பேச்சின் இடத்தை எழுத்து பிடித்தது என்னும் வினாக்கள் அத்துணைக் கவனம் பெறவில்லை. கடந்த இரு நூற்றாண்டுகளில் இத்தொடர்பு அடைந்த மாற்றத்தை மொழியியல் நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஊதியமும் உறவும்

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோவின் ஆணைப்படி 1822இல் தொடங்கிய பள்ளிக் கணக்கெடுப்பு இதற்கு முதன்மையான சான்றாகும். 1826 மார்ச்சு மாதத்தில் அவர் எழுதிய குறிப்பின்படி, ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. மாணவர் ஒருவர் மாதந்தோறும் 4 முதல் 8 அணா வரை செலுத்தினார். ஆசிரியரின் மாத வருவாய் 6 அல்லது 7 ரூபாயைத் தாண்டுவது அரிதாக இருந்தது. சென்னை நகரில் வீட்டிலேயே பயின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை பள்ளிகளில் பயின்றோரின் எண்ணிக்கையைப்போல் ஐந்து மடங்கு எனக் கணக்கு வந்தது. மன்றோவே இதை ஐயுற்றார். எனினும், வீட்டையும் பள்ளியையும் பிரிக்கும் கோடு அக்காலத்தில் தெளிவாக இல்லை என்பதை அக்கணக்கு உணர்த்துகிறது.

வங்காளத்திலும் பீகாரிலும் 1835 முதல் 1838 வரை வில்லியம் ஆதாம் அளித்த மூன்று அறிக்கைகளும் இதனையொத்த நிலையையே காட்டுகின்றன. ஆசிரியர் காசோடு அரிசி முதலிய உணவுப்பொருள்களையும் பண்டிகைக் கொடைகளையும் பெற்றார். தமிழகத்தில் நவராத்திரியின்போது மாணவர்கள் கோலாட்டமடித்து வீடுதோறும் பாடிச் சென்று, கிடைத்ததை ஆசிரியருக்கு அளித்தனர். ஆசிரியரின் வாழ்வு குடும்பங்களின் கையில் இருந்தமையால், பிள்ளையின் படிப்பைப் பற்றிய பேச்சு தெருவிலும் திண்ணையிலும் ஊர்வழக்கிலேயே நிகழ்ந்தது.

இவ்வுறவின் தடயம் சொற்களிலும் காணப்படுகிறது. மலையாளத்தில் எழுத்தறிவித்தவர் ‘எழுத்தச்சன்’. ‘அச்சன்’ தந்தையைக் குறிக்கும் சொல். தமிழில் வழங்கிய ‘அண்ணாவி’ அண்ணன் என்னும் முறைச்சொல்லோடு தொடர்புடையது. கன்னடத்தின் ‘ஐகளு’ ‘ஐயா’ என்பதோடு இனமானது. தெலுங்கின் ‘பந்துலு’, மராத்தியின் ‘பந்தோஜி’, தமிழின் ‘வாத்தியார்’ (உபாத்தியாயர் என்பதன் திரிபு) ஆகியவை புலமையைச் சுட்டும் வடசொற்களிலிருந்து வந்தவை. ஆசிரியரை உறவினராகக் கருதும் சொல்வகை ஒன்றும், அறிஞராகக் கருதும் சொல்வகை ஒன்றும் அருகருகே வழங்கின. இன்று பேச்சில் ‘சார்’, ‘டீச்சர்’, ‘மிஸ்’ ஆகியவை இரண்டையும் பெரிதும் விலக்கிவிட்டன.

3. பேச்சிலிருந்து எழுத்துக்கு

பழைய பள்ளியின் பாடத்தில் கடிதம் எழுதுவது சிறப்பிடம் பெற்றது. வங்காளப் பாடசாலைகளின் இறுதிக்கட்டத்தில் கடிதம், மனு, குத்தகைச் சீட்டு, கடன் சீட்டு ஆகியவற்றை எழுதக் கற்பித்தனர் என ஆதாம் பதிவு செய்துள்ளார். ஆகவே, படித்த பிள்ளை குடும்பத்தின் எழுத்தராகவும் விளங்கினான். பள்ளியில் கற்ற எழுத்து வீட்டின் தேவைக்குப் பயன்பட்டது.

1854ஆம் ஆண்டின் வுட் ஆணையறிக்கை மானிய முறைக்கு வழிவகுத்தது. அதன்பின் மானியம் பெற்ற பள்ளிகள் ஆய்வாளருக்கும் பதிவேட்டுக்கும் விடையிறுக்க வேண்டியவையாயின. குடும்பத்தோடு கொண்ட தொடர்பும் காலப்போக்கில் படிவங்களின் வழியே அமைந்தது. வருகைப் பதிவேடு, விடுப்பு விண்ணப்பம், தேர்ச்சி அறிக்கை ஆகியன இவற்றுள் முக்கியமானவை.

விடுப்பு விண்ணப்பத்தின் நடை நோக்கத்தக்கது. ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’, ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ ஆகிய தொடர்கள் ஆங்கில அலுவலகக் கடிதத்தின் நேர்பெயர்ப்புகள். வீட்டில் எவரும் பேசாத இந்நடையில் எழுதுபவர் பிள்ளை, ஒப்பமிடுபவர் பெற்றோர். ஒரு காலத்தில் ஆசிரியருக்கு ஊதியம் அளித்த குடும்பம் இப்படிவத்தில் விண்ணப்பதாரராக மாறியது.

‘தேர்ச்சி அறிக்கை’ என்னும் சொல்லாக்கமும் இத்தகையதே. மூல ஆங்கிலச் சொல் படிப்படியான வளர்ச்சியைக் குறிக்கும். ‘தேர்ச்சி’ என்பதோ நடைமுறையில் தேர்வில் வெற்றி பெறுவதைக் குறிக்கும். பிள்ளை எவ்வாறு வளர்கிறது என்று சொல்லவேண்டிய தாளை வெற்றி தோல்வித் தீர்ப்பாகப் பெற்றோர் படிப்பதற்கு இச்சொல்லும் ஒரு காரணமாகலாம். மொழிபெயர்ப்பாளர் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல் ஒரு வீட்டின் மாலைப்பொழுதைத் தீர்மானிக்கக்கூடும்.

முதல் தலைமுறையாகப் பிள்ளை பள்ளி செல்லும் வீடுகளில் இச்சிக்கல் மேலும் கூர்மையடைகிறது. தன்னைப் பற்றிய குறையைப் பெற்றோருக்குப் படித்துக் காட்டும் பொறுப்பு அப்பிள்ளையையே சேர்கிறது. செய்திக்கு உரியவரே செய்தியின் மொழிபெயர்ப்பாளராகவும் ஆகும் இந்நிலையில், பள்ளி கூறியதும் வீடு கேட்டதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வீட்டுமொழியும் பள்ளிமொழியும் வெவ்வேறான பழங்குடிப் பகுதிகளிலும் எல்லைப் பகுதிகளிலும் இவ்விடைவெளி இரட்டிப்பாகிறது.

4. சட்டமும் மொழியும்

1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி செய்துதர முயலவேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தனியார் உதவிபெறாப் பள்ளிகள் நீங்கலான பிறவற்றில் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கப் பணித்தது. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ தெரிவுச் சோதனைக்கு உட்படுத்துவதையும் அச்சட்டம் தடை செய்தது. பெற்றோரின் ஆங்கிலப் பேச்சை அளந்து பிள்ளைக்கு இடமளிக்கும் வழக்கத்துக்கு அத்தடை நேரடியாகப் பொருந்துகிறது.

5. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் புலனாகின்றன. ஆசிரியரைக் குறித்த முறைச்சொற்கள் வழக்கிழந்தமை, ஊர்வழக்கின் இடத்தைப் படிவநடை கைப்பற்றியமை, குழந்தை இடைநின்று பெயர்த்துரைப்பவராக மாறியமை என்பன அவை. பழைய திண்ணைப் பள்ளி சாதியாலும் பாலினத்தாலும் பலரை விலக்கி வைத்தது என்பதால் அதனை மீட்டெடுப்பது தீர்வாகாது. விலக்கப்பட்டோரின் பிள்ளைகளும் இன்று பள்ளியில் உள்ளனர். அவர்தம் பெற்றோர் குழுவில் இடம்பெறவும் சட்டம் வழி செய்துள்ளது. அக்குழுவின் அறிவிப்பும் தீர்மானமும் அவர்கள் பேசும் மொழியில் அமையாவிடில் அவ்விடம் வெற்றிருக்கையாகவே எஞ்சும். இதனைச் சரிசெய்வது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் ஏற்கவேண்டிய பணியாகும்.