உழவர் தலைவர் சி. நாராயணசாமி நாயுடு

நம்மவர் என்று நாம் உரிமை பாராட்டும் ஒருவர், தாம் எல்லோர்க்கும் உரியவரென வாழ்ந்து காட்டினாராயின், அவர் சரித்திரத்தை வாசிப்பதால் விளையும் பயன் இரட்டிப்பாகும். அத்தகையவர் காலஞ்சென்ற ஸ்ரீமான் சி. நாராயணசாமி நாயுடு அவர்கள்.

அவர் 1925ஆம் ஆண்டில் கோயமுத்தூரை அடுத்த வையம்பாளையத்தில் ஜனித்தார். அப்பிரதேசத்தில் வேளாண்மைக்குக் கிணறே ஆதாரம். கிணற்று நீரை இறைப்பதற்கு மின்சாரம் இன்றியமையாதது. நம் கம்பம் பள்ளத்தாக்கிலோ 1895ல் பெரியாற்றணை நீர் பாயத் தொடங்கியது; நெல் வயல்கள் செழித்தன. எனினும் வாய்க்கால் நீர் ஏறாத மேட்டு நிலங்களில் திராக்ஷையும் தென்னையும் வைத்திருப்போர் இன்றும் கிணற்றையும் பம்பையுமே நம்பியிருக்கின்றனர். ஆகையால் கோவைக் குடியானவர் பட்ட துன்பம் நமக்கு அந்நியமானதன்று.

1970ல் சர்க்கார் மின்சாரக் கட்டணத்தை யூனிட்டுக்கு 8 பைசாவிலிருந்து 10 பைசாவாக உயர்த்திற்று. அதில் ஒரு பைசாவையேனும் குறைக்க வேண்டுமென்று நாயுடு அவர்கள் கிளர்ச்சி நடத்தினார். ஜூன் 19ஆம் தேதி பெருமாநல்லூரில் போலீஸாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் விவசாயிகள் மூவர் உயிர்நீத்தனர். பின்னர் கட்டணம் 9 பைசாவாயிற்று.

ஒரு பைசாவின் பொருட்டு உயிர்ப்பலியா என்று சிலர் வினவலாம். உழவனுடைய செலவை நிர்ணயிப்பவர் ஒருவர். அவன் விளைபொருளின் விலையை நிர்ணயிப்பவர் மற்றொருவர். இரண்டிலும் அவனுக்கு வாயில்லை. அந்த வாயைப் பெறுவதே கிளர்ச்சியின் உட்கருத்து. உற்பத்திச் செலவைக் கணக்கிட்டுக் கட்டுபடியாகும் விலை தரவேண்டுமென்று அவர் ஓயாமல் வற்புறுத்தியதும் இதனாலேயே.

1972ல் கோவை நகர வீதிகளை மாட்டு வண்டிகளால் நிரப்பிய போராட்டத்தை யாவரும் அறிவர். மறு வருஷம் தமிழக விவசாயிகள் சங்கம் தோன்றியது. அதில் கவுண்டர், நாயுடு என்ற பேதமின்றிப் பல வகுப்பாரும் ஒருங்கே நின்றனர். ஒரு குலத்தின் சங்கமாக அது அமைந்திருக்குமாயின், சர்க்கார் அதனைப் பொருட்படுத்தியிராது.

குறையையும் மறைத்தல் தகாது. 1982ல் அவர் தொடங்கிய அரசியல் கட்சி தேர்தல்களில் வெற்றி காணவில்லை. 1984 டிசம்பரில் சுற்றுப்பிரயாணத்தின்போது கோவில்பட்டியில் அவர் காலமான பின், சங்கம் பல பிரிவுகளாகப் பிளவுற்றது. எனினும் 1990ல் விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்ததற்கு அவரது பிரயாசையே மூலகாரணமெனக் குடியானவர் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கின்றனர்.

சகோதரர்களே! போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்திலும், நம் ஊர்ச் சந்தைகளிலும், விளைவித்தவன் பிறர் வாயினின்றே தன் பொருளின் விலையைக் கேட்டறிகிறான். பத்து மூட்டையுடன் தனித்து நிற்பவன் பேரம் பேச வலியற்றவன். ஊரார் கூடித் தரம் பிரித்து ஒன்றாக விற்பின், வாங்குவோர் நம்மை நாடி வருவர். அக்கூட்டத்தில் அடுத்த வயலுக்காரர் எக்குலத்தவர் என்று வினவாதிருப்போமாக. நாயுடு அவர்களுக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவேயாம்.