யிரிமன் திட்டம்

யிரிமன் திட்டம் என்பது மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி வட்டாரத்தில் நிகினா, மங்காலா, கராஜாரி, வால்மஜாரி ஆகிய நான்கு மொழிக்குழுக்களின் பூர்வகுடி முதியோர், தம் இளைஞரிடையே பெருகிய போதைப் பழக்கம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், சிறைவாசம் ஆகியவற்றைத் தடுக்க 2000ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கிய சமூக முயற்சியாகும். கால்நடைப் பண்ணைகளில் சம ஊதியம் 1968 இறுதியில் நடைமுறைக்கு வந்தபோது பண்ணையாளர் பலர் பூர்வகுடித் தொழிலாளரை வெளியேற்றியதால், அதுவரை பண்ணை வேலையினூடே மூதாதையர் நிலத்தோடு தொடர்பு அறாதிருந்த குடும்பங்கள் ஃபிட்ஸ்ராய் கிராசிங் போன்ற சிற்றூர்களின் ஓரங்களில் குடியேற நேர்ந்தது. இளைஞர் சிக்கலின் வேர் பெரிதும் இந்த இடப்பெயர்வில்தான் உள்ளது.

திட்டத்தின் மையச் செயல் ‘கன்ட்ரி’க்குத் திரும்பும் நடைப்பயணம். நிலத்துடன் அதன் நீர்நிலை, உயிரினம், முன்னோர், மரபுச் சட்டம் அனைத்தையும் உள்ளடக்கியதே கன்ட்ரி. பல தலைமுறையினர் நாட்கணக்கில் ஒன்றாக நடக்கையில் தடம் பார்த்தல், வேட்டை, நிலப் பராமரிப்பு, மொழி, உறவுமுறை ஒழுங்கு ஆகியவற்றை இளையோர் கற்கின்றனர். முதலில் பின்தொடர்ந்து நடந்தவர், தேர்ச்சி பெற்றபின் தமக்கு இளையவரை அழைத்துச் செல்வதே இங்குத் தலைமைப் பயிற்சி. பேச்சுத்திறனை முதன்மைப்படுத்தும் நகரப் பயிலரங்குகள் இதற்கு ஈடாவது அரிது. எங்கே நடப்பது, எதைக் கற்பிப்பது என்பதை முதியோரே முடிவு செய்ய, நிர்வாகத் துணையைக் கிம்பர்லி பூர்வகுடிச் சட்ட, பண்பாட்டு மையம் வழங்கியது. தனி நிறுவனமாகப் பதிவு பெறாத முயற்சிகளுக்கான பிரிவில், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஆளுகை விருது 2012இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.