லெமூரியா

இறந்தோரின் ஆவிகளை ரோமானியர் 'லெமுரேஸ்' என்றனர். இரவில் உலவும் விலங்குகளுக்கு இயற்கையியலாளர் லின்னேயஸ் அதிலிருந்தே லெமூர் என்று பெயரிட்டார். லெமூர்கள் வாழ்வது மடகாஸ்கரில். அவற்றுக்கு உறவான தேவாங்கு, உருண்டைக் கண்ணும் மெலிந்த கைகளுமாக, நம் திண்டுக்கல் பக்கத்துக் காடுகளில் திரிகிறது. நடுவே பெருங்கடல்! இதை விளக்கவே 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் மூழ்கிய கண்டம் ஒன்றை ஊகித்து 'லெமூரியா' என்றார். பிறகு பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் அதை அட்லாண்டிஸுடன் இணைத்தார். நம்மவர்கள், தெற்கே கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்தோடு சேர்த்தார்கள். கண்டங்கள் நகர்வது தெரிந்தபின் அறிவியல் லெமூரியாவைக் கைவிட்டது. பழந்தமிழ் இலக்கண உரையான இறையனார் களவியல் உரை சொல்லும் கடல்கோள் செய்தியோ லெமூரியா என்ற பெயருக்கு ஆயிரம் ஆண்டு மூத்தது. அதைத் தனியே வைத்துத்தான் ஆராய வேண்டும்.