பேஸ்மன்ட்டுக்குள் ஒரு தென்னந்தீவு

ஒரு தை மாதம் ரொறன்ரோவில் மாமா வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே மறை 19 பாகை. முன்வாசலில் கொட்டிய பனி முழங்காலளவுக்கு இறுகிக் கிடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா, "வா தம்பி, என்ர தீவைக் காட்டுறன்" என்று பேஸ்மன்ட்டுக்கு இறங்கும் கதவைத் திறந்தார். படிகளில் கால் வைத்ததும் என்னையறியாமல் தலை குனிந்தது. கூரை போதிய உயரத்தில்தான் இருந்தது. ஆனால் பங்கருக்குள் இறங்கிப் பழகிய உடம்புக்கு அது தெரிவதில்லை.

கீழே மூங்கில் ஒட்டிய ஒரு பார் மேசை. அதன் மேல் கிடுகு போல வேய்ந்த சிறு கூரை. மூலையில் பிளாஸ்ரிக் தென்னை இரண்டு. சுவர் முழுக்க வெண்மணல் கடற்கரையின் படம். மஞ்சள் விளக்குகள். ஒலிபெருக்கியில் அலையும் மழையும் மாறி மாறிக் கேட்டன. மாமா சறமும் பூப்போட்ட சேர்ட்டுமாக மேசைக்குப் பின்னால் போய் நின்றார். மேசையின் ஓரத்தில், அகன்ற வாயும் பிதுங்கிய கண்களுமாக ஒரு மரச்சிலை நின்றது.

"இது ஆர் மாமா?"

"கடையில சேத்துத் தந்தவங்கள். பேர் தெரியாது. காவல் தெய்வமா இருக்கும்."

அந்தச் சிலையின் பேரைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் பல வீடுகளின் பேஸ்மன்ட்டுகளில் இப்படியொரு வெப்பவலயத் தீவு இருக்கிறது. எங்கள் ஆட்கள் வீடுகளிலும் நான் மூன்று பார்த்தேன். வைத்திருப்பவர்களில் பலருக்கு அதன் வரலாறு தெரியாது. அது ஒரு யுத்தத்தோடு பிணைந்த வரலாறு.

சிலையின் பேர் டீக்கி. மாவோரி மரபில் டீக்கி முதல் மனிதன். பொலினீசியத் தீவுகளில் மனித உருவச் செதுக்கல்களுக்கும் அந்தப் பேர் வழங்குகிறது. அதை மதுச்சாலைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கர்கள். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில் நீங்கியது. அந்தக் காலத்தில் ஏர்னஸ்ட் கான்ட் என்பவர் ஹொலிவூட்டில் ஒரு சின்ன பாரைத் திறந்தார். கரீபியனிலும் பசுபிக்கிலும் சுற்றி வந்தவர். மூங்கில், பாய், மீன்வலை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் தொங்கவிட்டார். அப்போது மலிவாகக் கிடைத்தது ரம். பல வகை ரம்மைத் தேசிக்காய்ச் சாற்றோடும் வாசனைப் பாணிகளோடும் கலந்து கொடுத்தார். கடை பிரபலமானதும் தன் பேரையே டொன் பீச் என்று மாற்றிக்கொண்டார். 'சொம்பி' என்ற அவரது கலவையை ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை. தன் கலவைகளின் செய்முறைகளைச் சங்கேதக் குறிகளில்தான் எழுதிவைத்தார்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதை எனக்குப் பிடித்தது. வாடிக்கையாளர் எழும்பிப் போகாமலிருக்கத் தகரக் கூரையில் குழாயால் தண்ணீர் விடுவாராம். மழை பெய்கிறதென்று நினைத்து ஆட்கள் இன்னொன்று கேட்பார்களாம். தகரத்தில் விழும் மழையைக் காசு கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் முகாமிலும் பிறகு மீள்குடியேறிய கொட்டிலிலும் வருடக்கணக்காக அதைக் கேட்டோம்.

அந்தக் கலவைகளை ஊற்றியவர்களில் முக்கியமானவர்கள் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களில் ஒருவரான ரே பியூஹன் 1961 இல் லொஸ் ஏஞ்சலிஸில் 'டீக்கி டீ' என்று சொந்தக் கடை திறந்தார். பெரும்பாலான மற்றவர்களின் பேர் விளம்பரங்களில் வரவில்லை.

டொன் பீச்சின் போட்டியாளர் ஓக்லண்டில் இருந்த விக்டர் பேர்ஜரோன். 'ட்ரேடர் விக்' என்றால்தான் உலகுக்குத் தெரியும். சிறுவயதில் காசநோயால் ஒரு காலை இழந்தவர். 1944 இல் பழைய ரம், தேசிக்காய், தோடம்பழ மது, பாதாம் பாணி ஆகியவற்றைக் கலந்து 'மை டாய்' செய்தார். தஹிதி மொழியில் அதற்கு 'நல்லது' என்று பொருள். இந்தக் கலவையின் உரிமைக்காக டொன் பீச் தரப்பும் வாதாடியது. நான் பேர்ஜரோன் பக்கம். மாமா அதில் நெல்லிக் கிரஷ் விடுவார். இரண்டு பேரும் அதை ஏற்றிருக்க மாட்டார்கள். ஆனால் குடிக்க நன்றாகத்தான் இருந்தது.

இவையெல்லாம் யுத்தத்துக்கு முன்பும் யுத்தம் நடந்தபோதும் நகரத்துக் கடைகளில் நடந்தவை. பேஸ்மன்ட்டுக்கு இந்த அலங்காரம் இறங்கியது யுத்தத்துக்குப் பிறகுதான். இரண்டாம் உலக யுத்தத்தில் ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் அமெரிக்கர்கள் படையில் இருந்தார்கள். அவர்களில் பெருந்தொகையானவர்கள் பசுபிக் தீவுகளை முதன்முதலாகப் பார்த்தது துப்பாக்கியோடுதான். இன்று கிரிபாட்டி நாட்டிலுள்ள தராவாவில், 1943 நவம்பரில், 76 மணித்தியாலச் சண்டை நடந்தது. 1,000 இற்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், 4,000 இற்கும் மேற்பட்ட ஜப்பானியப் படையினரும் கொரியக் கூலித் தொழிலாளரும் ஒரு சின்னத் தீவில் செத்தார்கள். அங்கே ஜப்பானியர் தங்கள் பங்கர்களைத் தென்னங்குற்றிகளை அடுக்கி, மேலே மணல் கொட்டித்தான் கட்டியிருந்தார்கள். அதன் படங்களைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் இருந்தேன்.

திரும்பி வந்தவர்கள் தராவாவை வீட்டில் கட்டவில்லை. கடற்படையில் இருந்த ஜேம்ஸ் மிச்சனரின் தென் பசுபிக் கதைகள் 1947 இல் நூலாயின. 1949 இல் அவை இசைநாடகமாக மேடையேறின. அதே 1947 இல் தோர் ஹெயர்டாலும் ஐவரும் 'கொன்-டீக்கி' என்ற கட்டுமரத்தில் பெருவிலிருந்து 101 நாள் மிதந்து பொலினீசியாவை அடைந்தார்கள். 1959 இல் ஹவாய் அமெரிக்காவின் 50 ஆவது மாநிலமானது. யுத்தத்தின் தீவு மெல்ல மெல்ல விடுமுறையின் தீவானது. தராவா போன்ற இடங்களில் இருந்தவருக்கு அது பொய் என்று தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டே சிலர் அதை விரும்பியிருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டில் இடமும் இருந்தது. குளிர்நாட்டில் அத்திவாரத்தை நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து விரியும் மண் வீட்டைத் தூக்கிவிடும். ரொறன்ரோவில் அந்த ஆழம் ஏறத்தாழ 1.2 மீற்றர், அதாவது நாலடி. அவ்வளவு தோண்டுகிறவன் இன்னும் நாலடி தோண்டினால் ஓர் அறையே கிடைக்கும். முன்பு அங்கே நிலக்கரி கொட்டி வைத்தார்கள். எண்ணெயும் எரிவாயுவும் வந்தபின் அந்த மூலை வெறுமையானது. யுத்தத்திலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைத்தது. புறநகர் வீடுகள் பெருகின. பேஸ்மன்ட் விளையாட்டறையாகவும் பாராகவும் மாறியது. சன்னல் இல்லாதது அங்கே ஒரு வசதி. வெளியே பனியா வெயிலா என்று தெரியாது.

குளிர் ஊரில் இந்தக் கனவு எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதற்கு ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸில் இருந்த 'கஹிக்கி' உணவகம் உதாரணம். 1961 இல் திறக்கப்பட்டது. படகைக் கவிழ்த்தது போன்ற கூரை. உள்ளே சன்னல்களுக்கு அப்பால் செயற்கை மழையும் இடியும். 2000 ஆம் ஆண்டில் அதை இடித்துவிட்டு ஒரு மருந்துக்கடை கட்டினார்கள்.

இந்தத் தீவில் சேர்க்காமல் விட்டது மக்களை. 1946 மார்ச்சில் பிக்கினி தீவின் 167 பேரையும் அமெரிக்கா இடம்பெயர்த்தது. கொஞ்சக் காலத்துக்குத்தான் என்று நம்பித்தான் அவர்கள் படகேறினார்கள். 1958 வரை அங்கே 23 அணுகுண்டுகள் வெடித்தன. 1954 மார்ச் 1 இல் வெடித்த 15 மெகாதொன் குண்டின் கதிர்வீச்சுத் தூள் பக்கத்து ரொங்கெலப் தீவில் ஆட்களின் தலையில் கொட்டியது. பிக்கினி மக்கள் இன்னும் ஊர் திரும்பிக் குடியேறவில்லை. உலகுக்கு அந்தப் பேர் ஒரு நீச்சலுடை. ஹவாயின் அரசி லிலியுவோகலானி 1893 இல் அரியணையிலிருந்து இறக்கப்பட்டதும் இந்த பார்களின் சுவரில் இல்லை. தங்கள் முன்னோரின் உருவத்தைக் குவளையாக வார்த்து அதில் ரம் ஊற்றுவது பற்றிப் பசுபிக் தீவுக்காரர் பலர் இன்று வெளிப்படையாகப் பேசுகிறார்கள். அதனால் சில கடைகள் சிலைகளை எடுத்துவிட்டு வெறுமனே 'வெப்பவலய பார்' என்று பேர் வைக்கின்றன. இந்த மோகம் இடையில் ஒருமுறை செத்தும் போனது. வியட்நாமின் ஓலைக்குடிசைகள் எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகளுக்கு அப்பாவின் ஓலை பாரில் ஈர்ப்பு இருக்கவில்லை. 1990களில்தான் பழைய செய்முறைகளைத் தேடி எடுத்த சிலரால் மறுபடி உயிர்பெற்றது.

மாமா 1989 இல் கனடாவுக்குப் போனவர். முதல் நாலு வருடம் ஸ்காபரோவில் இன்னொருவர் வீட்டு பேஸ்மன்ட்டில் ஆறு பேரோடு படுத்தார். அந்தத் தலைமுறையில் பலருக்குக் கனடா என்றால் முதலில் ஒரு பேஸ்மன்ட்தான். "அப்ப வாடகைக்குக் கீழ இருந்தனான். இப்ப சொந்தமாக் கீழ இருக்கிறன்" என்று அவரே சிரித்தார். எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையோரம். பனைதான் அதிகம். பிளாஸ்ரிக் பனை தேடி அலைந்ததாகச் சொன்னார். தென்னை எத்தனை அளவிலும் கிடைக்கிறது. பனையை ஒருவரும் செய்வதில்லை.

அம்மம்மா 2009 இல் அந்தக் கரையோரத்தில்தான் போனா. மாமா அப்போது ரொறன்ரோவில் வீதி மறியலில் நின்றார். செய்தி அவருக்கு மூன்று கிழமை கழித்துக் கிடைத்தது. அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதில்லை. அன்றிரவு இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு, சுவரிலிருந்த கடற்கரையைப் பார்த்துக்கொண்டு, "பங்கருக்கு மேல என்ன போட்டனீங்கள்?" என்றார்.

"தென்னங்குத்தி. அதுக்கு மேல மண்மூட்டை. அம்மான்ர கூறையையும் வெட்டித்தான் தைச்சது."

அவர் மூலையிலிருந்த தென்னையைத் தொட்டுப் பார்த்தார். "இது பிளாஸ்ரிக்" என்றார். பிறகு அலைச் சத்தத்தைக் குறைத்தார். அதற்கு மேல் நாங்கள் பேசவில்லை.

மாமிக்கு அந்த அறை பிடிக்காது. "முதல் வருசம் எல்லாரும் வந்து பாத்தவை. இப்ப ஒருத்தரும் வாறேல்லை. இவர் தனியத்தான் இருந்து குடிக்கிறார்" என்று குசினியில் வைத்துச் சொன்னா. ஆதலால் இதையும் எழுதவேண்டும். குடித்தால் உடம்பு சூடாவது போலத் தோன்றுவது, தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிவதால். உண்மையில் உள்ளுடம்பின் வெப்பம் அதனால் வெளியேறுகிறது. குடித்துவிட்டுப் பனிக்குள் போவது அதனாலும் ஆபத்து. குளிர்காலத்தில் வரும் மனச்சோர்வை 1984 இல் நோர்மன் ரோசந்தாலும் சக ஆய்வாளர்களும் விவரித்தார்கள். அதற்குக் கொடுக்கப்படும் ஒளிச்சிகிச்சை 10,000 லக்ஸ் வெளிச்சம், காலையில் ஏறத்தாழ அரை மணித்தியாலம். பாரின் மங்கிய மஞ்சள் வெளிச்சம் அதற்குக் கிட்டவும் வராது. மது அந்தச் சோர்வை மோசமாக்கும். மாமா இதைக் கேட்டுவிட்டு, "உன்ர மாமி சொல்லித் தந்தவவோ?" என்றார். ஆனால் அடுத்த கிழமை ஒளிப்பெட்டி ஒன்று வாங்கினார். அதையும் பார் மேசையில்தான் வைத்தார்.

கட்ட நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். தீத்தடுப்பு மருந்திட்ட ஓலையை மட்டும் வாங்குங்கள். அதற்குக் கீழே மெழுகுதிரி கொளுத்தாதீர்கள். குளிர்காலத்தில் வீட்டுக் காற்று காய்ந்து மூங்கில் வெடிக்கும், கோடையில் அதே அறை ஈரித்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஈரம் உறிஞ்சும் கருவி வேண்டும். புகை, காபனோரொக்சைட்டு எச்சரிக்கை மணிகள் அவசியம். நிலத்திலிருந்து கசியும் ரேடொன் வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. புகைத்தலுக்கு அடுத்தபடி நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் அதுதான். கனடாவின் வழிகாட்டி அளவு ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரல். அளவிடும் கருவியைக் குளிர்காலத்தில் குறைந்தது மூன்று மாதம் வைக்கவேண்டும். பேஸ்மன்ட்டில் நாள் முழுக்க இருக்கிற எங்கள் முதியவர்களை நினைத்தாவது இதைச் செய்யுங்கள்.

நான் ஊர் திரும்பிப் பல மாதங்களுக்குப் பிறகு, கார்த்திகையில், மாமா அழைத்தார். ஒலிபெருக்கியில் வருகிற மழை ஏதோ காட்டு மழையாம், அதில் ஓலைச் சத்தமோ தகரச் சத்தமோ இல்லையாம். "உங்க மழை பெய்யுதோ?" என்று கேட்டார். எங்கள் குசினிக்கு இன்னும் மீள்குடியேறியபோது கிடைத்த தகரம்தான். அன்றிரவு தொலைபேசியை அடுப்படித் தட்டில் வைத்துப் பதினொரு நிமிடம் பதிவுசெய்து அனுப்பினேன். இடையில் அம்மா ஒழுக்குக்குச் சட்டி வைக்கிற சத்தமும், கோழிக்கூட்டுச் சத்தமும் விழுந்துவிட்டன. வெட்டித் திருத்தி மறுபடி அனுப்புகிறேன் என்று எழுதினேன்.

"வேண்டாம், அப்பிடியே இருக்கட்டும்" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று: "மாமியும் கீழ வந்து கேக்கிறா."