தேரும் வடமும்

பழைய பொருள்களின் மேல் மனிதனுக்குள்ள மோகம் விசித்திரமானது. பாட்டனார் காலத்து வெற்றிலைப் பெட்டியைத் துலக்கி வைத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. அறுபது வருஷத்து மோட்டார் காரைத் துலக்கி வைத்துப் பெருமைப்படுகிறவர்களும் உண்டு. இந்த இரண்டாவது ரகத்தினர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏராளம். சனி, ஞாயிறு வந்துவிட்டால் கொட்டகைக்குள் புகுந்து, துருவைச் சுரண்டி, வர்ணம் பூசி, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று கார் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடப் பாடுபடுவார்கள். ஒரு திருகாணிகூட அந்தக் காலத்துத் திருகாணியாக இருந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

இந்த அசல் பித்து ஓர் இடத்தில் மட்டும் தயங்கி நிற்கிறது. ஆசனத்தின் ஓரத்தில் தொங்கும் இரண்டு அங்குல அகலப் பட்டைதான் அந்த இடம்: சீட் பெல்ட்!

ஸ்வீடன் தேசத்து வோல்வோ கம்பெனியார் 1956 முதல் 1970 வரை உற்பத்தி செய்த 'அமேசான்' காரை எடுத்துக்கொள்வோம். ஆறரை லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டி அது. இன்றும் அதைப் பேணி ஓட்டுகிறவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த அமேசானில் இருக்கும் வார் லேசுப்பட்டதல்ல. இன்று உலகமெங்கும் கார்களில் இருக்கும் வார்களுக்கெல்லாம் அது மூத்த தலைமுறை. அதைக் காப்பாற்றுவதா, கழற்றி எறிவதா? பதில் சொல்லுமுன், அதைச் செய்தவரின் கதையைக் கேட்டுவிடுவது நல்லது.

அவர் பெயர் நில்ஸ் போலின். 1920-ல் பிறந்தவர். முதலில் ஸாப் விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆபத்து நேரத்தில் விமானியை ஆசனத்தோடு வெளியே தூக்கி எறியும் யந்திரத்தைச் செய்வது அவருடைய பணி. 1958-ல் வோல்வோ கம்பெனி அவரை அழைத்துப் பாதுகாப்பு இஞ்சினீயராக வைத்துக்கொண்டது. விதியின் வேடிக்கையைப் பாருங்கள்: மனிதனை வெளியே எறிய வழி செய்துகொண்டிருந்தவருக்கு, மனிதனை உள்ளேயே நிறுத்தி வைக்கும் வேலை வந்து சேர்ந்தது!

அதற்கு முன் கார்களில் வார் இல்லாமலில்லை. அமெரிக்காவில் நாஷ் கம்பெனி 1949-லேயே இடுப்பு வார் கொடுத்துப் பார்த்தது. ஆனால் மோதல் நேரும்போது இடுப்பு மட்டும் நிற்கும். தலையும் மார்பும் முன்னே பாயும். மார்புக்குக் குறுக்கே மட்டும் வார் போட்டாலோ, உடம்பு அதற்கடியில் வழுக்கிக்கொண்டு போய்விடும். மூன்று முனைகளில் பிணைக்கும் யோசனை போலினுக்கு முன்பே அமெரிக்கர் இருவருக்குத் தோன்றி, 1955-ல் காப்புரிமையும் பெற்றிருந்தது. போலினின் சாமர்த்தியம் வேறு இடத்தில் இருந்தது. விமானி உயிருக்குப் பயந்து எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வான். கார் ஓட்டுகிறவனோ ஒரு நிமிஷ அசௌகரியத்தையும் பொறுக்கமாட்டான் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, ஒரே கையால் மாட்டக்கூடியதாக, மார்பையும் இடுப்பையும் ஒன்றாகத் தழுவுவதாக, பூட்டு வயிற்றின்மேல் அழுத்தாமல் இடுப்பின் பக்கத்தில் தாழ்ந்து நிற்பதாக வாரை அமைத்தார். எலும்பு தாங்கக்கூடிய இடங்களில்தான் பாரம் விழும்.

அந்தப் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் திடீரென்று சுவரில் மோதினால், உள்ளே இருப்பவருக்கு அது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமானம்.

1959 ஆகஸ்டு 13-ந் தேதி, புதிய வார் பூட்டிய முதல் கார் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரில் ஒரு விற்பனையாளரின் கைக்குப் போயிற்று. அமெரிக்கக் காப்புரிமை 1962-ல் கிடைத்தது. வோல்வோ நினைத்திருந்தால் ஒவ்வொரு வாருக்கும் காசு வசூலித்திருக்கலாம். ஆனால், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. வியாபார சரித்திரத்தில் இப்படிப்பட்ட பக்கங்கள் குறைவு.

கொடுத்த பொருளை ஜனங்கள் உடனே ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1967-ல் வோல்வோ 28,000 விபத்துக்களை ஆராய்ந்து கணக்கை வெளியிட்டது. வார் அணியாதவர்களில் மணிக்கு 12 மைல் வேக மோதலிலேயே உயிர் விட்டவர்கள் இருந்தார்கள். அணிந்தவர்களில், 60 மைலுக்கு உட்பட்ட வேகத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. அப்புறந்தான் சட்டங்கள் வந்தன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-ல் வழி காட்டியது. போலினின் சொந்த நாடே 1975-ல்தான் முன்னாசனக்காரர்களைக் கட்டாயப்படுத்தியது. போலின் 2002-ல் காலமானார்.

இனி, கொட்டகைக்குத் திரும்புவோம். அறுபது வருஷத்து வாரைச் சொந்தக் கையால் எதுவரை சீர்திருத்தலாம்?

அழுக்கை நீக்கலாம். வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். நிழலில் உலர்த்த வேண்டும். வெளுப்பு மருந்தும் சாயமும் கூடாது; அவை நூலின் பலத்தைத் தின்றுவிடும். தரையிலும் தூணிலும் வார் பிணைந்திருக்கும் இடங்களைக் கூர்மையான கருவியால் குத்திப் பார்க்க வேண்டும். மேலே வர்ணம் மினுங்கும். அடியில் தகடு துருவேறி அப்பளமாகியிருக்கும். பட்டை எவ்வளவு உறுதியாக இருந்தென்ன? பூட்டைத் துடைத்து மெருகிடலாம். ஆனால் பளபளப்புக்கு ஆசைப்பட்டு, பாரம் தாங்கும் கொக்கிக்குக் குரோமிய முலாம் பூசக் கொடுப்பது அபாயம். அந்த வேலையில் ஹைட்ரஜன் உட்புகுந்து, வைரம் பாய்ந்த எஃகைக்கூட முறுக்குப்போல் நொறுங்கும்படி செய்துவிடலாம்.

மிஞ்சியிருப்பது பட்டை. வருஷக்கணக்காக வெயில் பட்ட நைலான், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே நைந்திருக்கும். ஓரத்தில் பஞ்சு எழும்பியிருந்தாலும், நிறம் வெளுத்திருந்தாலும், தையல் விட்டிருந்தாலும் அதன் காலம் முடிந்தது. ஒருமுறை மோதலில் ஆளைத் தாங்கிய பட்டையும் அப்படித்தான். ஒருமுறை நீண்ட இழை இரண்டாம் முறை காப்பாற்றும் என்று நம்ப முடியாது. அதை வீட்டுத் தையல் யந்திரத்தில் வைத்து ஒட்டுப்போடுவது, நீச்சல் தெரியாதவன் ஓட்டைப் பரிசலில் ஏறுவதற்குச் சமம். பழைய பூட்டுகளை வாங்கி, புதிய பட்டை கோத்து, அதற்குரிய தையல் போட்டுக் கொடுக்கும் பட்டறைகள் மேல்நாடுகளில் உண்டு. அங்கே அனுப்புவதே விவேகம்.

"அப்படியானால் அசல் போய்விடுமே!" என்று பித்தர்கள் தவிப்பார்கள். எது அசல் என்பதல்லவா கேள்வி? நைலான் பட்டையை நெய்தவர் போலின் அல்ல. மூன்று புள்ளிகள், அவற்றுக்கிடையே ஒரு சாய்வு, பக்கத்தில் தாழ்ந்த ஒரு பூட்டு: இவையே அவர் கண்டவை. இந்த அமைப்பு அறுபது வருஷமாயினும் நைவதில்லை. துணிதான் நைகிறது.

நம் ஊர்த் தேரைப் பாருங்கள். சிற்பங்கள் பழசு, சக்கரத்தின் வழிகூடப் பழசு. அதற்காகக் கொள்ளுத்தாத்தா இழுத்த வடத்தையா இன்றும் பிடித்து இழுக்கிறோம்? வடம் நைந்தால் புது வடம் கட்டுகிறோம். தேர் அதே தேர்தான். தேர் பழையதாக இருக்கலாம். வடம் பழையதாக இருக்கலாகாது.

கழற்றிய பழம் பட்டையை எறிய வேண்டாம். சுருட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, வருகிறவர்களுக்குக் காட்டலாம். சரித்திரம் அங்கே பத்திரமாக இருக்கும். காரில் உட்காருகிற மனிதனுக்குத் தேவை சரித்திரம் அல்ல; அவன் மாலையில் வீடு திரும்ப வேண்டும். போலின் விரும்பியதும் அதுதான்.